பஞ்சாங்கம் இல்லாத ஊர்

அமெரிக்கா போய்த் திரும்பியவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. ஒரு தனித் தொல்லையும் உண்டு. பெண் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு வந்த பாவத்துக்காக, 2019-ஆம் வருஷக் கோடையில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருத் திண்ணையில் உட்கார்ந்து நான் அமெரிக்கப் பஞ்சாங்கம் வாசிக்க வேண்டியதாயிற்று.

கேட்டவர் எதிர்வீட்டு அம்மாள். அவருடைய கணவர் குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்தே பிள்ளையை என்ஜினீயருக்குப் படிக்க வைத்தவர். படித்த பிள்ளை நியூ ஜெர்ஸிக்குப் போனான். பிறகு நெய்தவர் காலமானார், தறியும் நின்றது. தறி இருந்த கூடத்தில் இப்போது அம்மாளும் ஒரு டெலிபோனும்தான்.

அந்த வருஷம் அத்தி வரதர் வருஷம். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள்ளிருந்து நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை எழுந்தருளி, நாற்பத்தெட்டு நாள் காட்சி தந்துவிட்டு மறுபடியும் நீருக்குள் போய்விடுகிறவர் அவர். 1979-இல் வந்தபோது எதிர்வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வயது. அப்பா தோளில் உட்கார்ந்து சேவித்தானாம். அடுத்த முறை 2059. அம்மாளுக்கு அப்போதே அறுபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. கணக்குப் போட வாசகர்களுக்கு என் உதவி தேவையில்லை.

"ஐயா, அந்த ஊர்ல எப்ப எப்ப லீவு விடுவாங்க?" என்று கேட்டார்.

"அங்கே திதியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, அம்மா. பல பண்டிகைகளுக்குக் கிழமைதான் கணக்கு" என்று ஆரம்பித்தேன்.

1968-இல் அவர்கள் ஒரு சட்டம் செய்தார்கள். 1971-இல் அது அமலுக்கு வந்தது. சில விசேஷங்களைத் திங்கட்கிழமைக்கு நகர்த்தி, சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் ஓய்வு கிடைக்கும்படி வைத்துக்கொண்டார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பிப்ரவரி 22. அவர் பெயரால் விடுமுறை பிப்ரவரி மூன்றாவது திங்கள். மூன்றாவது திங்கள் என்பது 21-ஆம் தேதியைத் தாண்டாது. ஆகவே அவருடைய பிறந்த நாள் விடுமுறை, அவர் பிறந்த நாளன்று வரவே வராது!

அம்மாள் சிரிக்கவில்லை. "தேசத்தை ஆண்டவருக்கே அந்தக் கதின்னா, எம் பிள்ளைக்கு யாரு லீவு குடுக்கப் போறாங்க?" என்றார்.

பேச்சை மாற்ற, நவம்பர் நான்காவது வியாழக்கிழமை வரும் நன்றி நாளைப் பற்றிச் சொன்னேன். உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1863-இல், தேசம் முழுவதும் அதைக் கொண்டாட வேண்டும் என்று ஆபிரகாம் லிங்கன் அறிவித்தார். 1939-இல் ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதலாக நாள் கிடைக்கட்டும் என்று அதை ஒரு வாரம் முன்னே தள்ளினார். சில மாகாணங்கள் மறுத்துவிட்டன. ஒரே தேசத்தில் இரண்டு நன்றி நாள்! 1941-இல் சட்டம் போட்டுச் சச்சரவைத் தீர்த்தார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் பெற்றோர் வீட்டுக்கு வந்து, ஒன்றாக உட்கார்ந்து வான்கோழி விருந்து சாப்பிடுவது வழக்கம்.

"எல்லாப் பிள்ளைங்களும் வருமா?"

"முடிந்தவரை வருவார்கள்."

"நல்ல ஊருதான்" என்றார் அம்மாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது தப்பு என்று எனக்கு உறைத்தது. அவசரமாகச் சுதந்திர தேவி சிலைக்குத் தாவினேன். பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த பரிசு, 1886-இல் திறந்தார்கள். உள்ளே இரும்புச் சட்டம், வெளியே செப்புத் தகடு. களிம்பு ஏறிப் பச்சையாகிவிட்டது.

"புளி போட்டுத் தேய்க்க ஆளில்லையா?"

"அந்தக் களிம்புதான் செம்பு மேலும் அரிக்காமல் காப்பாற்றுகிறதாம். அப்படியே விட்டுவிட்டார்கள்."

அத்தி வரதர் சேவை ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு 17 வரை. அதற்குள் அமெரிக்காவில் தேசிய விடுமுறை ஒன்றே ஒன்றுதான்: ஜூலை 4. 1776-இல் பிலடெல்பியாவில் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்ற நாள். இரவில் நம் தீபாவளி போல வாணவேடிக்கை. பையனோ, பிப்ரவரியில் குழந்தைக்கு உடம்புக்கு வந்தபோதே லீவையெல்லாம் செலவழித்துவிட்டிருந்தான். தனியார் உத்தியோகத்தில் சம்பளத்தோடு இத்தனை நாள் லீவு தந்தே ஆகவேண்டும் என்று மத்திய சட்டம் எதுவும் அங்கே கிடையாது. கம்பெனி மனம் வைத்தால் உண்டு.

"நியூயார்க்கில் ப்ளஷிங் என்ற இடத்தில் நம் பிள்ளையார் கோயில் ஒன்று இருக்கிறது, அம்மா. அதற்குக் கும்பாபிஷேகம் நடந்ததும் 1977-இல் இதே ஜூலை நாலாம் தேதிதான்" என்றேன்.

அம்மாளின் முகம் மலர்ந்தது. "பிள்ளையாரே அந்த லீவுலதான் குடி வந்தாரா? அப்ப எம் பிள்ளையும் வருவான்."

வந்தான். அந்த வருஷம் ஜூலை 4 வியாழக்கிழமை. புதன் மாலை ஆபீஸிலிருந்து நேரே விமான நிலையம். வெள்ளிக்கு மட்டும் ஒரு நாள் லீவு. தன் தேசத்துச் சுதந்திர தினத்தை ஆகாயத்திலேயே கழித்துவிட்டு, வெள்ளிக்கிழமை விடியற்காலை வாசலில் வந்து இறங்கினான். சனிக்கிழமை தாயும் பிள்ளையும் வரிசையில் நின்றார்கள். அன்று இரவே விமானம்.

ஞாயிற்றுக்கிழமை திண்ணைக்கு வந்தார் அம்மாள். கால் வீங்கியிருந்தது.

"நல்ல தரிசனமா?" என்று கேட்டேன்.

"எங்கய்யா! ஏழு மணி நேரம் நின்னோம். சாமிகிட்டப் போனதும் 'நகருங்க, நகருங்க'ன்னு தள்ளிட்டாங்க. படுத்திருந்தாரு, பூ தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

"ஏழு மணி நேரமா? அந்த வெயிலிலா?"

"எம் பிள்ளை முந்தானையைப் புடிச்சுக்கிட்டே பக்கத்துல நின்னான். அவங்கப்பாவைப் பத்தி, தறியைப் பத்தி, பேத்தியைப் பத்தி எல்லாம் பேசினான். போன்ல அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசாத பிள்ளைய்யா அவன்!" சற்று நிறுத்தி, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாமிகிட்ட என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? வரிசை சீக்கிரமா நகரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மாளே எழுந்து, என் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார்.

"நவம்பர்ல நாலாவது வியாழன் என்ன தேதி வருது, பாத்துச் சொல்லுங்கய்யா."

பார்த்துச் சொன்னேன். அது முதல் வருஷா வருஷம் புதுக் காலண்டர் வந்ததும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.