முட்டி மாற்றினார்கள், ரத்தம் ஏற்றவில்லை

மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் முன்பெல்லாம் முதல் கேள்வி, "ரத்தம் கொடுக்க ஆள் இருக்கா?" என்பதுதான். 2003ல் என் மைத்துனருக்கு முட்டி மாற்றியபோது ஓரிக்கையிலிருந்து மூன்று பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். போன வருஷம் என் மனைவிக்கு அது தேவைப்படவில்லை. எப்படி என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன்.

அவள் நெசவாளர் வீட்டுப் பெண். குழித்தறியில் முப்பது வருஷம் மிதித்த கால். வலது முட்டி தேய்ந்து, ராத்திரியில் தூக்கம் போய்விட்டது. சென்னை டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். ஹீமோகுளோபின் 9.6. "இதைச் சரி பண்ணிக்கிட்டு ஆறு வாரம் கழிச்சு வாங்கம்மா" என்றார்.

"வலி எனக்கா, அவருக்கா?" என்று என்னிடம் கேட்டவள், காஞ்சிபுரம் வரும்வரை வாய் திறக்கவில்லை.

டாக்டர் சொன்னது நியாயம். உடம்பில் ஓடுவதே சுமார் 5 லிட்டர். வெளியே தெரிகிற ரத்தமும், தசைக்குள் கசிந்து கண்ணில் படாததும் சேர்ந்து ஒரு லிட்டர்கூடப் போகலாம். கையிருப்பு குறைவாக இருந்தால் அடுத்தவர் ரத்தம் வேண்டியிருக்கும். அதனால் இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். 11.8 வந்தது.

தொடையில் இறுக்கும் பட்டைக்குப் பெயர் 'தூர்னிக்கே'. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அது பழகிய சொல், 'திருகுவது' என்று பொருள். ழான் லூயி பெத்தி என்ற பாரீஸ் மருத்துவர் 1718ல் திருகாணி வைத்து அதைச் செய்தார். இப்போது காற்றடைத்த பட்டை. தொடை வலிக்கிறது என்று சில டாக்டர்கள் அதைத் தவிர்க்கிறார்களாம்.

பெரிய உதவி டிரானெக்சாமிக் அமிலம். உறைந்த ரத்தத்தை உடம்பே மெல்லக் கரைக்கும். இந்த மருந்து அந்தக் கரைப்பைத் தடுக்கிறது. ரத்தக்கட்டி, மாரடைப்பு வந்தவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். அதையெல்லாம் முதலிலேயே துருவிக் கேட்டார்கள். பெயரைக் கேட்டதும் இவள், "நம்ம பொண்ணுக்கு மாசாமாசம் ரத்தம் அதிகமாப் போனப்ப குடுத்த மாத்திரை ஆச்சே!" என்றாள். அதேதான்.

1962ல் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியத் தம்பதி, ஷோசுகே, உதாகோ ஒகமோட்டோ. பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் பெண்களைக் காப்பாற்றுவதுதான் அந்த அம்மாளின் எண்ணம். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தாராம். விலை மலிவான மருந்து என்பதாலோ என்னவோ, பல வருஷம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2010ல் வந்த பிறகே பேச்சு பரவியது.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் 10.2. வாக்கரைப் பிடித்து நடந்தாள். இடது முட்டிக்கு நாள் கேட்டதற்கு, "முதல்ல ஹீமோகுளோபின் பார்ப்போம்" என்றார் டாக்டர். இந்த முறை அவள் கோபப்படவில்லை; வீட்டுக்கு வந்ததும் முருங்கைக்கீரை வாங்கிவரச் சொன்னாள்.