பேரலுக்குள் நிற்கும் நேரம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரிக் கரையிலிருந்து காயலான் கடைக்குப் போன வலை மூட்டை ஒன்றைப் பின்தொடர்ந்து, செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். பழைய பிளாஸ்டிக்கை உருக்கித் ‘தானா’ போடுகிற இடம். தானா என்றால் குருணை.

வாசலில் தரம் பிரிக்கும் அக்காவிடம் இருப்பவை ஒரு வாளித் தண்ணீரும் தீப்பெட்டியும்தான். மிதந்தால் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன். மூழ்கினால் நைலான் அல்லது பிவிசி. சந்தேகம் வந்தால் நுனியைக் கொளுத்தி, ஊதி அணைத்து முகர்கிறார். மெழுகுவத்தி வாசம் பாலித்தீன். முடி பொசுங்கும் நாற்றம் நைலான். “இது உள்ள போச்சுன்னா ஜாலி அடைச்சிக்கும் தம்பி” என்று ஒரு நரம்பு வலையை ஓரமாகத் தள்ளினார். ஜாலி என்றால் உருகிய சரக்கை வடிகட்டும் கம்பி வலை. கயிறுகளில் வரும் பாலித்தீன் 130 டிகிரி அருகே இளகும். அந்த வலை நைலானுக்கு 220 வேண்டும். சரக்கை உருக்கும் உருளையான பேரலின் சூடோ 200-ஐத் தாண்டுவதில்லை. பிவிசி இன்னும் மோசம்: அந்தச் சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும், கக்கிய அமிலமே மேற்கொண்டு சிதைவை விரட்டும், பேரலுக்குள் சுழன்று சரக்கைத் தள்ளும் ஸ்க்ரூவையும் அரிக்கும். இத்தனையையும் மூக்கால் தெரிந்துகொள்வது பெரிய திறமைதான். ஆனால் அந்தப் புகை நாள் முழுக்க அவர் நெஞ்சுக்குள் போகிறது. முகத்தில் முந்தானை மட்டும்தான்.

நான் நின்றிருந்தபோது கரண்ட் போனது. மெஷின் ஓட்டும் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹீட்டரும் அணைந்துவிட்டதே, இனி என்ன கெடப்போகிறது என்று கேட்டேன். “ஸ்க்ரூ நின்னுடுச்சே சார். இரும்பு சூட்டை விடாது.”

விஷயமே அதுதான். ஓடுகிற மெஷினில் சரக்கு சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். நின்றால் அதே சூட்டில் கிடந்து வேகும். கரண்ட் வந்ததும் ஸ்க்ரூவை உடனே சுழற்ற முடியாது. இறுகிய சரக்கு இளகும்வரை மறுபடி சூடேற்ற வேண்டும். அப்போது இன்னொரு முறை வேகும். எத்தனை டிகிரி என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்துதான் பிளாஸ்டிக்கைக் கெடுக்கிறது. சூடு ஏற ஏற வேதிவினை எப்படி வேகமெடுக்கிறது என்பதற்கு 1889-இல் ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரீனியஸ் சமன்பாடு ஒன்று தந்தார். 10 டிகிரி கூடினால் வேகம் இரட்டிப்பு என்பது பள்ளிக்கூடக் கணக்கு. பிளாஸ்டிக் முறிவில் அதையும் தாண்டிப் போவதுண்டு.

கெடுவதிலும் ஒரே வழி கிடையாது. பாலிபுரொப்பிலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டு துண்டாகும். உருகியது நீர்த்து ஓடும். பாலித்தீனில் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டி தட்டுவதும் உண்டு. புதுச் சரக்கில் கலந்திருக்கும் காப்பு மருந்து கொஞ்ச காலம் முதல் அடியைத் தாங்கும். கடற்கரை வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த கயிற்றில் அது முன்பே தீர்ந்திருக்கும். அதனால்தான் ‘கடல் சரக்கு’ என்றாலே அண்ணன் சூட்டைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறார். இதை அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை.

கரண்ட் வந்து ஸ்க்ரூ சுழன்றதும், மெஷினின் வாயான டை வழியே முதலில் வந்தது பழுப்பும் புகையுமான களி. தரையில் வழியவிட்டு, ஆறியதும் கடப்பாரையால் நெம்பி மூலையில் போட்டார்கள். அதையும் வீணாக்குவதில்லை, உடைத்து, அரைத்து, கறுப்புச் சாயம் சேர்த்து மட்டமான குழாய்க்கு விற்றுவிடுகிறார்களாம். பழுப்பைக் கறுப்பு மறைத்துவிடும். அறுந்த சங்கிலியை எந்தச் சாயமும் ஒட்டவைக்காது; அந்தக் குழாய் சீக்கிரமே வெடிக்கும், வெடித்ததும் இதே கொட்டகைக்குத்தான் திரும்பி வரும்.