350 மில்லிமீட்டர் வந்த வழி

ஆட்டோகிராஸில் ஓட்டுவதற்காகப் பழைய மாருதி ஜென் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தேன். டயர், சஸ்பென்ஷன், பிரேக் என்று எதைக் கேட்டாலும் பதிலோடு காரணமும் கிடைத்தது. ஸ்டியரிங் வீலுக்கு மட்டும் ஓர் எண்தான் கிடைத்தது. மைசூரில் என் காரைப் பார்க்கும் மெக்கானிக் தருமபுரிப் பக்கத்துக்காரர். "350 போட்டுடுங்க சார், எல்லாரும் அதான் போடறாங்க" என்றார். கடையில் 330 இருந்தது, 380-உம் இருந்தது. குறுக்களவு ஐந்து சென்டிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ என்ன ஆகும்? நடுவில் இருக்கும் 350-ஐ யார் தொடங்கி வைத்தார்கள்? இவை தெரியாமல் பணம் கொடுக்க மனம் வரவில்லை.

ஆட்டோகிராஸ் என்றால் நம் நாட்டில் பெரும்பாலும் மண் தடம். மைசூரில் லலித மகால் பக்கத்து ஹெலிபேட் மைதானத்தில் நடந்த போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நேர்ப்பாதை குறைவு, கொண்டையூசி வளைவுகள் அதிகம். கார்கள் கடிகாரத்தோடு மோதுகின்றன; நொடியின் நூறில் ஒரு பங்கு இடத்தை மாற்றிவிடும். சுற்று முடியும்வரை கை ஓயாது. வீலின் அளவு இங்கே அழகுக்கான விஷயம் அல்ல.

தேடலை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கினேன். பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையில், அந்தத் தாலுக்காவில்தான் 'பயணா' கார் அருங்காட்சியகம் இருக்கிறது. தர்மஸ்தலத்தின் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்டே சேர்த்துவைத்த பழைய கார்கள் அங்கே நிற்கின்றன. கட்டடத்தையே கார்ச் சக்கரத்தின் வடிவில் எழுப்பியிருக்கிறார்கள். எல்லாரும் பானெட்டையும் விளக்குகளையும் பார்த்துக்கொண்டு போக, நான் ஒவ்வொரு ஜன்னலாக ஸ்டியரிங்கை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

பழைய கார்களின் வீல் ஏறக்குறைய ஒன்றரை அடி அகலம். விளிம்போ சுண்டுவிரல் தடிமன்தான், வழவழவென்று கெட்டியாக இருக்கும். உலகப் போர்களுக்கு முந்தைய பல கார்களில் வீலின் நடுவில் சின்ன நெம்புகோல்கள் உண்டு. ஒன்று தீப்பொறி விழும் நேரத்தை முன்பின் நகர்த்த, இன்னொன்று கையாலேயே ஆக்ஸிலரேட்டர் கொடுக்க. வருஷ வரிசையில் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தால், வீல் சிறுத்துக்கொண்டே வருவதும் விளிம்பு பருத்துக்கொண்டே வருவதும் தெரிகிறது. ஏன் என்ற கேள்விக்கு விடை தேடிப் பழைய பந்தய வரலாற்றுக்குள் போக வேண்டியிருந்தது.

முதல் கார்களில் ஸ்டியரிங் வீலே கிடையாது. படகின் சுக்கான்போல ஒரு பிடியைத்தான் திருப்பினார்கள். 1894-இல் நடந்த பாரிஸ்–ரூவான் ஓட்டத்துக்கு ஆல்ஃபிரட் வாஷெரோன் தன் பான்ஹார்ட் வண்டியில் வட்டமான வீலைப் பொருத்திக்கொண்டு வந்தார். ஆக, ஸ்டியரிங் வீல் பிறந்ததே போட்டிக் களத்தில்தான். வேகம் கூடியபோது பிடியால் வண்டியை அடக்க முடியவில்லை. வட்டம் அதைச் செய்தது.

அந்த வட்டம் பெரிதாக இருந்ததற்குக் காரணம் நெம்புகோல் கணக்கு. கனமான எஞ்சின் முன்சக்கரங்களின் மேல் அழுத்துகிறது. அவற்றைத் திருப்ப மனிதக் கை தவிர வேறு துணை இல்லை. விட்டம் கூடக்கூடக் கைக்குப் பாரம் குறையும். அமெரிக்கப் பொறியாளர் ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே பவர் ஸ்டியரிங்கைச் செய்து ஓட்டிக் காட்டினார். ஆனால் 1951-இல் கிறைஸ்லர் இம்பீரியல் வந்த பிறகுதான் அது விற்பனைக் கார்களுக்குள் நுழைந்தது. நம் ஊர் அம்பாசடர் அதற்குப் பிறகும் பல காலம் தோள்பலத்தில்தான் திரும்பியது. அதன் பெரிய வீலுக்கு அதுவே காரணம்.

பந்தயக் கார்கள் வேறு வழியில் சிறிய வீலுக்கு வந்து சேர்ந்தன. 1950-இல் முதல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியனான ஃபரீனா, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக் கைகளை நீட்டி ஓட்டுவார். அந்தப் பாணி மற்றவர்களுக்கும் பரவியது. 1950-களின் கடைசியில், எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த கூப்பர் நிறுவனத்தின் கார்கள் வெல்லத் தொடங்கின. முன்பாரம் குறைந்தது, ஸ்டியரிங் இலகுவானது. 1962-இல் வந்த லோட்டஸ் 25-இல் ஓட்டுநர் ஏறக்குறையப் படுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அந்தக் குறுகலான இடத்தில் பெரிய வீலுக்கு வழியே இல்லை.

1964-இல் இத்தாலிய ஓட்டுநர் ஜான்பியரோ மொரெட்டி தன் பந்தயக் காருக்காக உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரிடம் ஒரு வீல் செய்யச் சொன்னார். வழக்கத்தைவிடச் சிறியது, விளிம்பு தடிமனானது. அதைப் பார்த்த ஜான் சர்ட்டீஸ் தன் ஃபெராரிக்கும் ஒன்று கேட்டார்; அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் அவர்தான். மொரெட்டி, மொன்சா என்ற இரு பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து 'மோமோ' ஆனது. அந்த நிறுவனத்தின் 350 மில்லிமீட்டர் வீல்கள் உலகெங்கும் ராலி கார்களிலும் பந்தயக் கார்களிலும் ஏறின. என் மெக்கானிக் சொன்ன எண் அந்த வழியாக வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இந்த மாற்றம் நடந்திருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் சாலைக் கார்களின் உடம்போடுதான் மோதின. பிறகு கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஒடுங்கிய காக்பிட், லேசான முன்பாகம், சின்ன வீல். ஐரோப்பா பார்த்த அதே காரணங்கள் இங்கேயும் அதே இடத்தில்தான் கொண்டுவந்து விட்டன.

இனி என் காரின் கணக்கு. அதில் இருந்த வீலை டேப் வைத்து அளந்தேன்: 380 மில்லிமீட்டர். அரைச்சுற்றுத் திருப்ப, விளிம்பில் இருக்கும் கை ஏறக்குறைய 597 மில்லிமீட்டர் போக வேண்டும். 350 என்றால் 550. 330 என்றால் 518. கொண்டையூசி வளைவுகளில் அது நல்ல மிச்சம். ஆனால் அதற்கு விலை உண்டு. 350-க்கு இறங்கினால் கை கொடுக்க வேண்டிய விசை சுமார் 9 சதவீதம் கூடும்; 330-க்கு 15 சதவீதம். என் ஜென்னில் பவர் ஸ்டியரிங் கிடையாது. மண் தடத்தில் பள்ளம் சக்கரத்தை உதைக்கும்போதும் இதே கணக்குதான்: வீல் சின்னதானால் உதை கைக்குப் பலமாக வந்து சேரும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சின்ன வீல் போட்டால் கார் சீக்கிரம் திரும்பும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வீலை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்பதை ஸ்டியரிங் ரேக்கின் பல் விகிதம்தான் தீர்மானிக்கிறது. வீலை மாற்றினால் கை போகும் தூரம் குறையுமே தவிர டிகிரி குறையாது. அது குறைய வேண்டுமென்றால் ரேக்கை மாற்ற வேண்டும்.

விட்டம் போலவே வீல் இருக்கும் இடமும் முக்கியம். தோள் இருக்கையை விட்டு நகராமல் கையை நீட்டினால் மணிக்கட்டு வீலின் உச்சியில் படிய வேண்டும். எனக்கு எட்டவில்லை. நடுப்பகுதி உள்வாங்கிய டீப் டிஷ் வீல் அந்த இடைவெளியை நிரப்புகிறது. ராலிக்காரர்கள் அதை விரும்புவது இதனால்தான். விளிம்பு மீட்டரை மறைக்கிறதா, தொடையில் இடிக்கிறதா என்பதையும் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

எல்லாம் பார்த்து நான் எடுத்தது 350, டீப் டிஷ். எல்லாரும் போடுகிறார்கள் என்பதற்காக எடுக்கவில்லை. பவர் ஸ்டியரிங் உள்ள காரும் தார்த் தடமும் இருந்திருந்தால் 330-ஐ எடுத்திருப்பேன். தோள் வலு குறைந்தவர் பவர் இல்லாத காரில் 380-ஐ வைத்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. ஒன்று மட்டும் கண்டிப்பு: இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். தினமும் சாலையில் ஓடும் காரில் ஏர்பேக் உள்ள வீலைக் கழற்றிவிட்டுப் பந்தய வீலைப் பூட்டவே கூடாது. போட்டிக்கென்று ஒதுக்கிய காருக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

வாஷெரோன் முதல் கரிவர்தன் வரை ஒவ்வொருவரும் தங்கள் காரின் பாரத்தையும் உட்காரும் இடத்தையும் பார்த்துத்தான் வீலை முடிவு செய்தார்கள். ஆட்டோகிராஸுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: கடைக்குப் போகும் முன் உங்கள் காரை அளந்துவிடுங்கள். எண் தானாக வந்துவிடும்.