நீருக்கு ஒரு வழி

ஊர்தியின் கூரைக் கண்ணாடி வழியே நீர் கசிந்தால், அந்த இடுக்கை அடைத்துவிட வேண்டும் என்றே எவருக்கும் முதலில் தோன்றும். எங்களுக்கு ஊர்தியை விற்றவருக்கும் அவ்வாறே தோன்றியிருக்கிறது. கண்ணாடியைச் சுற்றிலும் சிலிக்கான் பசையைத் தடவி, கூரையைத் திறக்கவே இயலாதபடி செய்திருந்தார்.

உடன்பிறந்தோர் நாங்கள் மூவர். வாரம் 3 முறை அம்மாவை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதற்காக, மூவரும் பணம் போட்டு வாங்கிய பழைய எஸ்.யு.வி. அது. மூட்டுவலியுள்ள அம்மா அதிகம் குனியாமல் அமர்வதற்கு அதன் உயரமான இருக்கை உதவியாக இருந்தது. சன்ரூஃப் நாங்கள் விரும்பிக் கேட்டதன்று, வண்டியோடு வந்தது.

சென்னையில் ஐப்பசி மழை தொடங்கிய வாரத்திலேயே முன்னிருக்கையின் கீழிருந்த தரைவிரிப்பு நனைந்தது. அடுத்த வாரம் பூஞ்சை நாற்றம் எழுந்தது. அம்மா குறை ஏதும் கூறவில்லை. முந்தானையால் மூக்கை மூடியவாறே வந்தார். இருமல் மட்டும் வளர்ந்தது. சர்வீஸ் நிலையத்திலோ சன்ரூஃப் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றனர். அவர்கள் சொன்ன தொகை எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது.

தெருமுனையில் பட்டறை நடத்தும் பெரியவர்தாம் உண்மையை எடுத்துரைத்தார். "தம்பி, அந்தக் கண்ணாடி தண்ணிய முழுசாத் தடுக்காது. உள்ள வர்ற தண்ணி வெளிய போறதுக்குத் தனியா வழி வச்சிருக்கு. அந்த வழி அடைச்சிருக்கும், பாருங்க."

கண்ணாடியின் விளிம்பிலுள்ள ரப்பர் பெரும்பகுதி நீரையே தடுக்கிறது. எஞ்சிய நீர் கண்ணாடிக்குக் கீழேயுள்ள வாய்க்கால் போன்ற தட்டில் விழுகிறது. அத்தட்டின் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் ஊர்தியின் தூண்களுக்குள் இறங்கி, நீரை வண்டிக்கு அடியில் விடுகின்றன. பங்குனி, சித்திரையில் உதிரும் வேப்பம்பூவும் கோடைப் புழுதியும் அக்குழாய்களில் படிகின்றன. கோடையில் விழுந்த அடைப்பு, ஐப்பசியில்தான் தன்னைக் காட்டுகிறது. பசை தடவியதால் கசிவும் நிற்கவில்லை. வாய்க்காலைத் துப்புரவு செய்யும் வாய்ப்பும் போயிற்று.

பசையைச் சுரண்டியெடுத்துக் கூரையைத் திறந்தோம். வாய்க்காலைத் துடைத்து, மூலைக்கு ஒரு குவளை நீர் ஊற்றினோம். பின்மூலைகள் இரண்டிலும் நீர் இறங்கியது. முன்மூலைகளில் குளமாய் நின்றது. காற்றழுத்தக் குழாயை வைத்து ஊதலாமா என்று கேட்டோம். பெரியவர் மறுத்தார். அழுத்தம் மிகுந்தால் உள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிடும். பிறகு நீர் முழுவதும் வண்டிக்குள்ளேயே கொட்டும். எனவே, தடித்த தூண்டில் நரம்பின் நுனியை நெருப்பில் காட்டி மழுக்கி, மெல்ல மெல்ல உள்ளே செலுத்தினார். கீழேயுள்ள ரப்பர் வாயை விரல்களால் பிசைந்தபோது கருஞ்சேறு வந்தது. அதன்பின் தெளிந்த நீர் வந்தது.

தரைவிரிப்பைக் கழற்றி, அதன் அடியில் நீரை உறிஞ்சியிருந்த பஞ்சை வெயில் கண்ட நாளெல்லாம் உலர்த்தினோம். நாற்றம் அகன்றது. அம்மாவின் இருமலும் மெல்லத் தணிந்தது.

வெளியேற வழியற்ற நீர் என்ன செய்யும் என்பதை நாங்கள் முன்பே அறிவோம். சிறுநீரகம் தளர்ந்த உடலில் அது பாதங்களில் வீக்கமாய்த் தேங்கும். சில இரவுகளில் மூச்சையும் முட்டும். அம்மாவைப் படுத்திய நீரும், அவர் அமர்ந்து வந்த ஊர்தியைப் படுத்திய நீரும் எங்களுக்கு ஒன்றாகவே தோன்றின. இரண்டிலும் துன்பம் தெரிந்தது காலடியில். அடைப்பு இருந்ததோ வேறிடத்தில்.

கரையை மட்டும் உயர்த்தி ஏரியைக் காத்துவிட முடியாது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். ஆதலால்தான் மிகுந்த நீர் வழிந்தோடக் கலிங்கு கட்டினர். தடுக்க இயலாத ஒன்று வந்தே தீரும்போது, அது சேதமின்றிக் கடந்துபோக வழியமைப்பதே அறிவு. அவ்வழியைத் துப்புரவாக வைத்திருப்பதோ உழைப்பு. வேப்பம்பூ உதிர்ந்து முடிந்தபின் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் மறுமுறை, மூலைக்கு ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்த்தால் போதும். வீட்டில் வாய்திறவாமல் பொறுத்துப்போகும் முதியவர்களிடமும் அவ்வப்போது இரண்டு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். அடைப்பு சிறிதாயிருக்கும்போதே அகற்றிவிடலாம் அல்லவா?