மில் போனாலும் களம் இருக்கட்டும்

நன்னிலம் பக்கம் குறுவை அறுவடை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே கேள்விதான்: "சார், ஈரப்பதம் 22 காட்டுது, என்ன பண்றது?" கொள்முதல் நிலையத்தில் வரம்பு 17 சதவீதம். மழை மிகுந்த ஆண்டுகளில் தளர்த்துவதுண்டு. உத்தரவு வரும்வரை நெல் ரோட்டில் கிடக்கும்.

பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் என்று ரயிலடி ஊர்களில் மூடிக் கிடக்கும் பழைய ரைஸ் மில்களைப் பார்க்கும்போது இந்த நினைப்புதான் வருகிறது. அங்கே இயந்திரம் நின்ற இடம் கொஞ்சம், களம்தான் பெரிது. நடுவே மேடு, ஓரம் சரிவு. மழைத் தண்ணீர் நிற்காது. களத்துப் பெண்கள் அவித்த நெல்லைக் காலாலேயே கோடு கோடாகக் கிளறிக்கொண்டு நடப்பார்கள். பாதி காய்ந்ததும் குவித்து மூடுவார்கள். உள் ஈரம் வெளியே பரவியபின் மறுபடி விரிப்பார்கள். அரைக்கும்போது குருணை குறையும். கல்லூரியில் 'டெம்பரிங்' என்று நாங்கள் படித்தது இதைத்தான்.

ஹல்லர் போனதில் எனக்கு வருத்தமில்லை. உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து வரும், அரிசியும் நொறுங்கும். ஈரக் குறுவை நெல்லை என்ன செய்வது என்று ஆராயவே 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இருக்கிறது.

மில் தெருவின் பழைய வீடுகளில் பத்தாயமும் உண்டு. விலை படியாவிட்டால் காய்ந்த நெல்லைக் கொட்டி வைத்துக் காத்திருக்கலாம். எல்லோருக்கும் அந்த வசதி இருந்ததாகச் சொல்ல மாட்டேன். குத்தகைக்காரருக்குக் களத்திலேயே கணக்கு முடிந்துவிடும்.

போன குறுவையில் என் வட்டாரத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு மில் களத்தை வாடகைக்கு எடுத்தார்கள். விரிசலுக்குச் சிமென்ட் பூசி, தார்ப்பாய் வாங்கினார்கள். இரண்டு நாள் மழையில் வீண். மற்ற நாளில் நெல் காய்ந்தது. ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கனமாகப் பரப்பாதீர்கள், அரைமணிக்கு ஒருமுறை கிளறுங்கள் என்று மட்டும் சொன்னேன். "எடை குறையுதே" என்றார் ஒருவர். 22-லிருந்து 17-க்கு வந்தால் டன்னுக்கு 60 கிலோ குறையும், அது தண்ணீர். திருப்பி அனுப்பிய நெல் முளைத்தால் டன்னே போய்விடும்.

மில்லின் வாரிசுகள் இப்போது மனைக்கு விலை பேசுகிறார்கள். இரண்டு மாத வாடகை அதற்கு ஈடாகாது, தெரியும். வரும் குறுவைக்காவது விட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறோம். தை பிறந்ததும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.