ஊறினால் இறுகும்

"கடல்ல போற மாதிரி படகு செய்யலாம்பா" என்றாள் மகள். அவளுக்கு ஆறு வயது. எனக்கோ சுவரில் ஆணியடித்தால் விரல்தான் நசுங்கும். வீட்டுக்குப் பின்னால் வெட்டிப் போட்டிருந்த கல்யாண முருங்கைக் கிளையைத் தூக்கிப் பார்த்தேன்; தக்கை மாதிரி இருந்தது. ஐந்து கட்டையை அடுக்கினால் கட்டுமரம். இதைவிடச் சுலபமான படகு உண்டா?

செய்முறை தேடி இணையத்தில் 'கேடமரான்' என்று தட்டினால், வந்ததெல்லாம் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுகள். சோழமண்டலக் கரையில் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் எழுதிய நம் சொல், ஊர் சுற்றி வேறு படகுக்குப் பெயராகிவிட்டது.

முள்ளைச் சீவி, பட்டை உரித்து, ஒரு வாரம் நிழலில் காயவைத்தோம். உப்புத்தாள் தேய்ப்பது அவள் வேலை. ஐந்தையும் ஒரே நீளத்தில் நறுக்கி, வெள்ளைப் பசையால் ஒட்டி, உறுதிக்கு நாலு ஆணியும் அடித்தேன். ஆணி இறங்கிய இடமெல்லாம் பிளந்தது. பிளவிலும் பசையை ஊற்றினேன். வாளியில் விட்டுக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால்போல் வெளுத்தது. பிளவு ஓடி ஓடிக் கட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நான் நொந்துபோய் நிற்க, "ஐ! இப்ப அஞ்சு படகு!" என்று அவள் குதித்தாள்.

வழக்கமாக மீன் வாங்கும் குப்பத்துப் பெரியவரிடம் கட்டைகளைக் கொண்டுபோனோம். கட்டுமரத்தில் கடலுக்குப் போய் வளர்ந்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுக்கு மாறியவர். ஆணித் துளையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், பேரே கட்டுமரம். அல அடிக்கறப்போ மரம் கொஞ்சம் அசஞ்சு குடுக்கணும். ஆணி வுட்டா பொளந்துக்கும்."

புதிதாக ஐந்து கட்டை நறுக்கினோம். நடுமரம் நீளமாக, கொஞ்சம் தாழ. ஓரமரங்கள் குட்டையாக, சற்று ஏறி. முனைகளை அடியில் சீவி மேல்நோக்கி எழுப்பினோம். முன்னும் பின்னும் குறுக்கே ஒவ்வொரு குச்சி. அத்தோடு சேர்த்துக் கயிறு.

நான் கட்டியது இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை அவர் கயிற்றை மகளிடம் கொடுத்தார். அப்போதுதான் ஷூ லேஸ் கட்டப் பழகியிருந்தவள், நாக்கை மடித்துக் கடித்தபடி ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சுற்றினாள். கட்டைகளைப் பிடித்துக்கொள்வது மட்டும் என் வேலையாயிற்று.

"போதும் பாப்பா. மிச்சத்தத் தண்ணி பாத்துக்கும். மரம் ஊறி ஊதுச்சுன்னா கட்டு தானா இறுகிக்கும்."

அன்று மாலை வாளியில் விட்டோம். கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறியதும் எனக்குப் பகீரென்றது. "ஐயோ, உள்ள வருதே!"

"வந்த வழியாவே போய்டும்பா" என்றாள், பெரியவர் மாதிரியே கையை ஆட்டி.

காலையில் பார்த்தால் கயிற்றுக்கடியில் நகம்கூட நுழையவில்லை. அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்க இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் ஒவ்வொரு கட்டையிலும் கிரேயானால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கரைக்கு வந்தால் மரத்தை அவிழ்த்துக் காயவைக்க வேண்டுமாம், தாத்தா சொன்னாராம்.

மாடிச் சுவர்மேல் ஐந்து கட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கட்ட வேண்டும். பிடித்துக்கொள்ள என்னை வரச்சொல்லியிருக்கிறாள்.