ஊதா ஜெர்சியில் ஒரு பெயர்

கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்கு விமானத்தில் ஐந்தரை மணி நேரம். கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வேலைகூட இல்லை. இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். 2024 மார்ச்சில் அங்கே அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்.

பெர்த்தில் ரயிலேறினால் அரை மணி நேரத்தில் ஃபிரிமேண்டல். சுவான் ஆறு கடலில் கலக்கும் துறைமுக நகரம். கைதிகளே கட்டிய சுண்ணாம்புக்கல் சிறைச்சாலை, 1897இல் கட்டிய சந்தை, தெருவோரக் காப்பிக் கடைகள் என்று ஒரு நாள் போதாது. வெயில் காலத்தில் பிற்பகலில் வரும் கடல்காற்றுக்கு இங்கே ‘டாக்டர்’ என்று பெயர். “டாக்டர் வந்துட்டாரு, வா வெளியே உட்காரலாம்” என்று அக்கா கூப்பிட்டபோது நான் பயந்தே போனேன்!

ஆட்டம் நடக்கும் நாளில் ஊரே ஊதா நிறம். ஃபிரிமேண்டல் டாக்கர்ஸ், 1995 முதல் ஆஸ்திரேலியக் காற்பந்து லீக்கில் ஆடும் குழு. நாமும் அக்காள் மகனோடு பெர்த்தின் 60,000 பேர் அமரும் அரங்கத்துக்குப் போனோம். வீரர்களின் ஜெர்சியில் ‘வுட்சைட்’ என்ற பெயர்.

“வுட்சைட்னா என்னடா?”

“தெரியாது சித்தி. ஆனா அவங்க நம்ம டீம்.”

அவனுக்கு வயது ஒன்பது. அந்தப் பதில் ஆட்டம் முழுக்க என்னை விடவில்லை.

வுட்சைட் ஓர் எண்ணெய், எரிவாயு நிறுவனம். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, கடலடியில் எடுக்கும் எரிவாயுவைக் குளிரூட்டித் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுமதி செய்கிறது. 2010இல் டாக்கர்ஸுக்கு நிதி ஆதரவு தரத் தொடங்கியது. அந்த எரிவாயு எரிந்தால் வரும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது. பெர்த் வட்டாரத்தில் 1970களுக்குப் பிறகு மழை குறைந்துவிட்டது. ஃபிரிமேண்டலுக்குத் தெற்கே குவினானாவில் 2006 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். அக்கா வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கும் அந்த ஜெர்சிக்கும் தொடர்பு உண்டு.

இதை எதிர்த்து 2022இல் குழுவின் ரசிகர்களே கடிதம் எழுதினார்கள். நாவலாசிரியர் டிம் விண்டன், மேற்கு ஆஸ்திரேலியாவின் முன்னாள் முதல்வர் கார்மன் லாரன்ஸ் ஆகியோர் அதில் கையெழுத்திட்டார்கள். ‘எங்கள் குழுவின் பெயரை இந்தத் தொழிலுக்கு நற்சான்றிதழாக்காதீர்கள்’ என்பதுதான் கோரிக்கையின் சாரம். ஆனால் கடிதம் வந்ததும் ஒப்பந்தம் முடிந்துவிடவில்லை. குழு உறவைத் தொடர்ந்தது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். அத்தானும் எரிவாயுத் துறையில்தான் வேலை பார்க்கிறார். “இந்தத் தட்டுல இருக்கிற சோறே அதுலதான் வருது. அந்தக் காசு இல்லேன்னா ஆட்டத்துக்கு யாரு கொடுப்பா?” என்று கேட்டார். கோபமில்லை. உண்மையான கேள்வி. என்னாலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வானொலியில் ‘இந்த அங்கத்தை உங்களுக்கு வழங்குவது’ என்று தினமும் சொல்பவள் நான். அந்தப் பெயரை எந்தக் குரலில் சொன்னால் கேட்பவர் மனத்தில் ஒட்டும் என்பது எனக்குத் தெரியும்.

பதில் அதே மாநிலத்தில் இருந்தது. ஒரு காலத்தில் அங்கே விளையாட்டுக்குச் சிகரெட் நிறுவனங்கள் பணம் கொடுத்தன. அதை நிறுத்த 1991இல் ஹெல்த்வே என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். புகையிலை மீது விதித்த வரியிலிருந்தே பணம் எடுத்து, சிகரெட் நிறுவனங்கள் விட்ட இடத்தை நிரப்பினார்கள். அப்போது முதல்வர் யார் தெரியுமா? அதே கார்மன் லாரன்ஸ்.

நமக்கும் இது புதிதல்ல. 2004 வரை நம் காற்பந்து லீக்கின் பெயரிலேயே டன்ஹில் இருந்தது. அப்பாக்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆட்டம் பார்த்தார்கள். சிகரெட் போனது, காற்பந்து போகவில்லை. இன்று நம் ஊரிலும் பந்தயக் கார் முதல் விளையாட்டரங்கு வரை எண்ணெய்ப் பணம் ஓடுகிறது. அந்தப் பணத்தில் படித்தவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு கடினம். அதனால்தான் பேசவும் வேண்டும். வேலை செய்பவர் மீது குற்றமில்லை. ஆனால் ஒரு பிள்ளை, அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று தெரியும் முன்பே அதை நேசிக்கத் தொடங்கிவிடுகிறான். அந்த நேசத்தைத்தான் பணம் கொடுத்து வாங்குகிறார்கள்.

ஊர் திரும்பும் நாள், விமான நிலையத்தில் பையன் கேட்டான்.

“சித்தி, வுட்சைட் அப்பா கம்பெனி மாதிரியா?”

“ஆமாடா, கேஸ் கம்பெனி.”

“அப்போ அவங்க நம்ம டீம் இல்லையா?”

அத்தானைப் பார்த்தேன். அவரே பதில் சொன்னார்: “இல்லப்பா. டீம் வேற, கம்பெனி வேற.”